முகலாய பாணியில் மரியாள்: உடுப்புக்கு நீலம் கட்டாயமா?

நொய்யல்கரை:
வணக்கமுங்க. கோவையில ஒரு கிறிஸ்துமஸ் கண்காட்சிக்கு, மரியாளும் குழந்தை இயேசுவும் 20×30 செ.மீ. அளவுல, அக்பர் காலத்து முறையில வேணும். நீலமும் சிவப்பும் போட்டதும் காலண்டர் படமாயிடுது. ஒட்டுன தாளும் வளையுது. ஒளிவட்டம் போடலாமுங்களா?

வேலமரத்தடி:
நீலத்தை விட்டுருங்க. 1580-ல ருடால்ஃப் அக்வாவிவா, மொன்செராத்தே முதலான சேசு சபைப் பாதிரிமார் ஃபத்தேபூர் சிக்ரியில அக்பருக்குக் கொடுத்தது, ஆண்ட்வெர்ப் நகரத்து பிளாண்டின் அச்சகத்தின் 8 தொகுதி பன்மொழி பைபிள். எண்ணெய் ஓவியங்களும் அவர்கிட்டப் போய்ச் சேந்துச்சு. ஆனா ஓவியர் கையில அதிகம் புழங்குனது செப்புத்தகட்டு அச்சுத்தாள். அது கறுப்பு வெள்ளை. நிறம் ஓவியர் விருப்பம்தான்.

படத்தை முழுசா எடுக்கவும் இல்லை. ஜெர்மன் ஓவியர் டியூரரின் 1511 சிலுவைக் காட்சி அச்சிலிருந்து யோவானை மட்டும் உருவி வரைஞ்ச முகலாய ஓவியர் அபுல் ஹசனுக்கு அப்ப 13 வயசு. சிலுவையே அதுல கிடையாது.

உங்களுக்கு நீம் கலம் முறைதான் பொருந்தும்: கோடும் நிழலும் முதன்மை, நிறம் தொட்டும் தொடாமலும்.

அப்ப மான்தோல்ல படி எடுத்தாங்க. இப்ப டிரேசிங் தாள் போதும். கோட்டு மேல ஊசியால நெருக்கமாக் குத்தி, அதை வரையற தாள் மேல வச்சு, கரித்தூளைத் துணியில முடிஞ்சு தட்டுங்க. டிரேசிங் தாளைத் திருப்பிப் போட்டுட்டா குழந்தை மறு கைக்குப் போயிடும். விளக்குக் கரியைக் கருவேலம் பிசின்ல குழைச்சு, நீர்க்க விட்டுக் கோடு போடுங்க. நிழலை நீர்ச்சாயமாப் பரப்பி விடாதீங்க. தூரிகை நுனியால பொடிக்கோடா அடுக்கணும். உதட்டுல துளி சிவப்பு, உடுப்பு ஓரத்துல தங்கம், அவ்வளவுதான். பிசின் கூடினா வெடிக்கும், குறைஞ்சா விரல்ல ஒட்டிக்கிட்டு வரும்.

ஒளிவட்டம் தாராளமாப் போடுங்க. இந்த அச்சுப் படங்களோட வந்ததுதான். பின்னால ஜஹாங்கீரே தன் தலைக்குப் பின்னால வச்சுக்கிட்டார்.

பவானிக்கூடல்:
நிறமே கூடாதுன்னு நினைச்சுக்காதீங்க. சேசு சபைப் பாதிரியார் ஜெரோம் சேவியர் பாரசீகத்துல எழுதி 1602-ல அக்பருக்குக் கொடுத்த ‘மிராத் அல்-குத்ஸ்’ இயேசு சரிதத்துக்கு முழு வண்ணப் படங்கள் உண்டு. ஒரு பிரதி கிளீவ்லாந்து அருங்காட்சியகத்துல இருக்கு. பழைய படத்துல வெள்ளை கறுத்திருந்தா நிழல்னு நம்பிக் காப்பியடிக்காதீங்க, பெரும்பாலும் ஈய வெள்ளை கெட்டது. நீங்க துத்தநாக வெள்ளை வாங்குங்க.

தாள் விஷயம்: தாள்களை ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டுற ‘வஸ்லி’க்கு 3 அல்லது 4 தாள், எல்லாத்துக்கும் நார் ஒரே திசையில இருக்கணும். மாறிப்போனா வளையும். மைதாவை நீர்க்கக் காய்ச்சி, ஆறுனதும் தடவி, நடுவுல இருந்து ஓரத்துக்குக் காத்தைத் தள்ளுங்க. பூச்சி அரிக்காம இருக்க, பசையில மயில்துத்தம் ஒரு சிட்டிகை. கூடினா தாளையே அரிக்கும், விஷம் வேற, சமையல் பாத்திரம் வேண்டாம். ஃபேன்ல காய வைக்காதீங்க. ஓரம் முந்திக் காஞ்சு தூக்கிக்கும். பலகைக்கு நடுவுல பாரம் வச்சு 2 நாள் விடுங்க. ஐப்பசி, கார்த்திகை ஈரத்துல இன்னும் ஒரு நாள் ஆகலாம்.

நொய்யல்கரை:
தாளைத் தேய்ச்சு வழவழப்பாக்குற அகேட் மெருகுக்கல் பக்கத்துல எங்கீங்க கிடைக்கும்? வரைஞ்ச பக்கத்துலயே தேய்க்கலாமா?

பவானிக்கூடல்:
காங்கேயத்துல கல் பட்டை தீட்டுறவங்ககிட்டக் கேட்டுப் பாருங்க. விளிம்பு கூரா இல்லாமப் பாத்துக்கங்க. வரையறதுக்கு முந்தி எந்தப் பக்கமும் தேய்க்கலாம். வரைஞ்ச பின்னாடி படத்தைக் கண்ணாடி மேல குப்புறப் போட்டு முதுகுல மட்டும். தங்கத்தைக் கடைசியாத் தனியா, அழுத்தாம.