காரணி பிரிக்கிற புரோகிராம் 1ன்னு காட்டுது, அவசரம்

தலவாக்கலைத் தம்பி: வணக்கம். காரணி பிரிக்க ஒரு புரோகிராம் எழுதினேன். சின்ன நம்பருக்கெல்லாம் சரியா வருது. பெரிய நம்பர் குடுத்தா காரணியே இல்ல, நம்பரையே 1ன்னு காட்டுது. மூணு நாளா பாக்குறேன். நாளைக்குக் காலையில சேர்கிட்ட காட்டணும்.

பண்டாரவளை அக்கா: என்ன நம்பர் தம்பி? எந்த மொழியில எழுதினீங்க?

நானுஓயா: பழைய கம்ப்யூட்டரா? 64 பிட் விண்டோஸ் போடுங்க, சரியாயிடும். எனக்கும் இப்படித்தான் ஆச்சு.

கணக்குப்பிள்ளை: கேள்வி கேக்கவும் ஒரு முறை இருக்கு. பெரிய நம்பர்னா எவ்வளவு பெரிசு? இங்க வாராவாரம் இதையே சொல்லவேண்டியிருக்கு.

தலவாக்கலைத் தம்பி: மன்னிக்கணும். சி மொழி. 4294967297. அன்சைன்ட் இன்ட்ல (கழித்தல் குறி இல்லாத முழு எண் வைக்கிற வகை) வச்சிருக்கேன்.

ராகலை: அது முதன்மை எண் தம்பி. 2இன் 32ஆம் வலுவோட 1 கூட்டினது. பிரெஞ்சுக் கணித மேதை பெர்மா 1640லயே 2இன் 1, 2, 4, 8, 16, 32ன்னு இரட்டிச்சுப் போற வலுவோட 1 கூட்டின எண் எல்லாம் முதன்மைன்னு எழுதியிருக்காரு. காரணி வராது.

கணக்குப்பிள்ளை: பெர்மா நம்பினாரு, நிறுவல. 3, 5, 17, 257, 65537 வரைக்கும் சரி. அடுத்தது இது, இதுல தவறிடுச்சு. 1732ல ஒய்லர்ங்கற கணித மேதை உடைச்சாரு: 641 × 6700417. அதுவும் கண்ணை மூடிக்கிட்டு வகுத்துப் பாக்கல. இதுக்குக் காரணி இருந்தா 64ஆல வகுத்தா மீதி 1 வரணும்னு அவருக்குத் தெரியும். அப்படி வர்ற முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641. அஞ்சாவதுலயே விழுந்துடுச்சு.

பேப்பர்லயே பாக்கலாம். 641 = 5×128+1. 641 = 625+16. 5×2^7, அதாவது 5×128, 641க்கு ஒண்ணு குறைவு; அதனால 641ஆல வகுக்கும்போது அதுக்கு −1 மதிப்பு. நாலாம் வலு எடுத்தா 625×2^28க்கு 1. 625, 641க்கு 16 குறைவு, அதனால 625க்குப் பதிலா −16 போடுங்க: −2^32க்கு 1. அப்போ 2^32+1க்கு மீதி 0. முப்பது வருஷமா பிள்ளைகளுக்குச் சொல்றேன், ஒவ்வொரு தடவையும் எனக்கே சந்தோஷமா இருக்கு.

மதுரைக்காரன்: முதன்மை எண்ணா? பகா எண்ணுன்னு எழுதுங்க, அதுதான் தமிழ்.

ராகலை: எங்க பாடப்புத்தகத்துல முதன்மை எண், சேர்த்தி எண்தான். பிள்ளைங்க பரீட்சையிலயும் அப்படித்தான் எழுதணும்.

மதுரைக்காரன்: பகுக்க முடியாதது பகா. சொல்லிலேயே பொருள் இருக்குங்க.

ராகலை: முதன்மையும் தமிழ்தானே?

பண்டாரவளை அக்கா: அந்தப் பிள்ளைக்கு விடிஞ்சா பள்ளிக்கூடம். தம்பி, அன்சைன்ட் இன்ட்ல 4294967295 வரைக்கும்தான் கொள்ளும். உங்க நம்பர் ரெண்டு கூட, அதனால 0க்குத் திரும்பி 1ல நின்னுடுச்சு. விண்டோஸ மாத்தவேணாம். அன்சைன்ட் லோங் லோங்னு இன்னும் பெரிய வகை இருக்கு, அதப் போடுங்க, பிரின்ட் பண்ற இடத்துலயும் அதுக்கேத்த குறி வேணும். வகுக்கறத 65536 தாண்டி ஓட்டவேணாம், வர்க்கமூலம் அவ்வளவுதான். கம்பைல் பண்ணும்போது எச்சரிக்கை வந்திருக்குமே, பாக்கலியா?

நானுஓயா: 64 பிட் போட்டாலும் நல்லதுதான்.

தலவாக்கலைத் தம்பி: 641 வந்துடுச்சு அக்கா. எச்சரிக்கை வந்துச்சு, நான் படிக்கல. பஸ் வருது, போயிட்டு வாறேன்.

ராகலை: திருத்தின கோட போடுங்க தம்பி, மத்தவங்களுக்கும் உதவும்.