மச்சு பிச்சுவில் மழை பெய்தால் கேமராவை வெளியே எடுக்க முடியுமா?

ஈரக்குடை:
ஜனவரி இரண்டாம் வாரம் பெருவுக்குப் போகிறோம். அப்போதுதான் விடுப்பு கிடைத்தது, மாற்ற வழியில்லை. இன்காக்களின் பழைய மலையூரான மச்சு பிச்சுவுக்குக் காலை 7 மணி நுழைவுச்சீட்டு. அங்கே நவம்பரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம் என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது. என்னிடம் இருப்பது பழைய நிக்கான், 18-55 லென்ஸ். இரண்டுமே மழை தாங்காது. ட்ரைபாட் கொண்டுபோகலாமா? மூட்டமாக இருந்தால் எதையுமே படமெடுக்க முடியாதா? போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

மூன்றாம்கண்:
ட்ரைபாடை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், உள்ளே விடமாட்டார்கள். ட்ரோனும் குடையும் கூடாது. மழைக்கு போஞ்சோதான், தலைவழியாக மாட்டும் மழையங்கி.

நான் போனது பிப்ரவரியில். மச்சு பிச்சுவுக்கு மலைவழியே நடந்துபோகும் இன்கா நடைபாதையைப் பராமரிப்புக்காக மூடிவிடும் மாதம் அது, மழை எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடிவாரத்து ஊரான அக்வாஸ் கலியென்டெஸில் பஸ் ஏறும்போதே தூறல். மேலே பழங்காலக் காவலர் குடிசைக்குப் பக்கத்துப் படிமேடையில் போய் நின்றால் எதிரே வெறும் வெள்ளை. ஊரும் இல்லை, அதன் பின்னால் நிற்கும் வாய்னா பிச்சு மலையும் இல்லை. கீழே எங்கேயோ உருபம்பா ஆறு இரைகிற சத்தம் மட்டும்.

அரை மணி நேரம் கழித்து, பொங்கின பால் அடங்குகிற மாதிரி மூட்டம் இறங்கியது. முதலில் ஒரு வீட்டின் முக்கோணச் சுவர், அப்புறம் அதன் பின்னால் இன்னும் இரண்டு. ஒரு நிமிடம்கூட இருக்காது, மறுபடி மூடிவிட்டது. அந்த ஒரு நிமிடத்தை நான் கோட்டைவிட்டேன். கேமரா நனையக்கூடாதென்று போஞ்சோவுக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தேன். உள்ளே வியர்வைப் புழுக்கம், லென்ஸோ குளிர்ந்த கண்ணாடி. ஆவி படிந்து, எடுத்த பதினொரு படமும் எண்ணெய்த்தாள் வழியாகப் பார்த்த மாதிரி வந்தன. எனவே கேமராவை உடம்போடு ஒட்டி வைக்காதீர்கள். ஹோட்டலில் கிடைக்கும் ஷவர் கேப்பில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு மாட்டி, லென்ஸ் முனையில் ஹுட் போட்டு, வெளியிலேயே தொங்கவிடுங்கள். துடைக்கிற துணி குறைந்தது நான்கு இருக்கட்டும், ஒவ்வொன்றும் தனித்தனி ஜிப் கவரில்.

மூட்டத்தைக் கேமரா சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) +0.7 அல்லது +1 ஏற்றுங்கள். ஆட்டோஃபோகஸ் திணறினால் ஏதாவது ஒரு கருத்த கல்லின் விளிம்பில் பிடித்துவிட்டு மேனுவலுக்கு மாறிவிடுங்கள். மழைத்தாரை படத்தில் விழ வேண்டுமானால் பின்னால் இருட்டு வேண்டும். காவலர் குடிசையின் புல்கூரையிலிருந்து சொட்டுவதை, உள்ளிருட்டைப் பின்னணியாக வைத்து 1/60 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தேன், நன்றாகவே வந்தது.

மேலிருந்து முழு ஊரும் தெரிய எல்லாரும் எடுக்கிற அந்த ஒரே காட்சிக்காகக் காத்திருப்பதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். அதற்கப்புறம்தான் எனக்கு நல்ல படங்கள் கிடைத்தன. காய்ந்திருக்கும்போது வெளிறித் தெரியும் கிரானைட், நனைந்தால் கருத்துப்போகிறது. சுண்ணாம்புச் சாந்தே இல்லாமல் பொருத்திய கற்களின் இணைப்புகள் கோடு கிழித்த மாதிரி தெரிகின்றன. சுவர்களில் சுமார் 130 வடிகால் துளைகளைப் பொறியாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். வெயிலில் போகிறவர்களுக்கு அது வெறும் ஓட்டை. மழையில் அது வேலை செய்கிறது: ஒரு துளையிலிருந்து விரல் தடிமனில் தண்ணீர் வளைந்து விழுந்து, கீழே கல்லில் செதுக்கிய வாய்க்காலுக்குள் சரியாகப் போய்ச் சேர்ந்ததைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றேன். 1450 வாக்கில் கட்டியது, ஐயா! சூரியக் கோயில் பக்கமாகப் படிப்படியாக இறங்கும் 16 நீர்த்தொட்டிகளையும் விடாதீர்கள். போலரைசர் ஃபில்டர் இருந்தால் ஈரக் கல்லின் பளபளப்பைக் கொஞ்சம் குறைக்கலாம். முழுக்கக் குறைத்தால் ஈரமே தெரியாது.

1920களில் குஸ்கோவில் தொழில் செய்த புகைப்படக்காரர் மார்ட்டின் சாம்பி, ஃபிலிமுக்குப் பதிலான கண்ணாடித் தகடுகளைச் சுமந்து இந்த மலையேறிப் படமெடுத்திருக்கிறார். நாம் ஷவர் கேப்புக்கு அலுத்துக்கொள்கிறோம்.

கல்வாழை:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் 7 மணிச் சீட்டில் “காத்திருங்கள்” என்பது அவ்வளவு சுலபமில்லை. ஒருவழிப் பாதை, காவலர்கள் நகரச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், கடந்துவிட்டால் திரும்ப முடியாது. மழைக்காலத்தில் மூட்டம் பெரும்பாலும் காலையில்தான் கனம். 10 மணிக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். கழிப்பறையும் வாசலுக்கு வெளியேதான், உள்ளே கிடையாது. போய்விட்டே நுழையுங்கள்.

ஒருகைப்பேசி:
என்னிடம் போன் மட்டும்தான் இருந்தது. திரையில் தண்ணீர் பட்டால் தொடுதல் தாறுமாறாகிவிடும். வால்யூம் பொத்தானால் எடுங்கள். லென்ஸைச் சட்டையில் துடைக்காதீர்கள், சட்டையும் நனைந்துதான் இருக்கும்.

ஈரக்குடை:
எல்லாருக்கும் நன்றி. சீட்டை மாற்ற முடியாது என்று முகவர் சொல்லிவிட்டார், 7 மணிதான். உள்ளே சுற்றிப்பார்க்கக் குறித்த பாதைகளில் எங்களுக்குக் கிடைத்திருப்பது 2ஆம் பாதை. அதில் அந்த மேல் காட்சியும் வருமா, இல்லை ஊருக்குள் மட்டும்தானா?

மூன்றாம்கண்:
இரண்டும் வரும், முதலில் காட்சிமேடைதான். காவலர் நகரச் சொன்னால் சிரித்துவிட்டுப் பத்தடி தள்ளி நில்லுங்கள், மேடை நீளமானது. அப்படியும் மூட்டம் விலகவில்லையென்றால் இறங்கிவிடுங்கள். படிகள் வழுக்கும், நடந்துகொண்டே வ்யூஃபைண்டரைப் பார்க்காதீர்கள். அந்தத் தண்ணீர்த் துளை எந்தச் சுவரில் என்று குறித்துக்கொள்ளவில்லை, கண்டுபிடித்தால் படத்தை இங்கே போடுங்கள்.