வில்லியம்ஸ்போர்ட் கணக்கு

*குழு: நம்ம தெரு பேஸ்பால் அப்பா அம்மா*

வெள்ளி, காலை 8:10

செந்தில்: நேத்து வில்லியம்ஸ்போர்ட்ல நடக்கிற லிட்டில் லீக் வேர்ல்ட் சீரிஸ் (12 வயசு வரைக்குமான பசங்க பேஸ்பால் போட்டி) பாத்தீங்களா? வரிசையா அவுட் எடுத்துக்கிட்டிருந்த பிட்ச்சரை (பந்து போடுறவனை) நாலாவது இன்னிங்ஸ்ல தூக்கிட்டாங்க. கோச்சுக்கு என்ன ஆச்சு?

மணி அண்ணா: பிட்ச் கவுன்ட் (அவன் போட்ட பந்து எண்ணிக்கை) எவ்வளவு காட்டுச்சு?

செந்தில்: 53 அண்ணா.

மணி அண்ணா: அப்போ கோச் சரியாத்தான் செஞ்சிருக்காரு. எத்தனை பந்து போட்டான்கறதை வச்சுத்தான் அடுத்து எத்தனை நாள் ஓய்வுன்னு விதி. 50வது பந்து ஒரு பேட்டர் நடுவுல விழுந்தா, அந்த பேட்டரை முடிக்கலாம். 53 போட்டாலும் ஓய்வுக்கு 50தான் கணக்கு, ரெண்டு நாள். அடுத்த பேட்டருக்கு ஒரே ஒரு பந்து போட்டாலும் மூணு நாள் ஓய்வு.

வித்யா: முழுக் கணக்கையும் ஒருதடவை போடுங்களேன். இங்க பாதிப் பேருக்குத் தெரியாது.

மணி அண்ணா: 20 பந்து வரைக்கும் ஓய்வு வேண்டாம்
21–35: 1 நாள்
36–50: 2 நாள்
51–65: 3 நாள்
66ம் அதுக்கு மேலயும்: 4 நாள்
11, 12 வயசுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 85. பத்து வயசுப் பிள்ளைக்கு 75. பந்து போட்ட நாள் ஓய்வுல சேராது.

செந்தில்: அப்போ வியாழன் 50 போட்டவன்?

மணி அண்ணா: வெள்ளி, சனி ஓய்வு. ஞாயிறு ஃபைனலுக்கு ரெடி. ஆனா சனிக்கிழமை பந்து போட முடியாது, அங்கதான் இடிக்குது.

கவிதா அக்கா: நான் இதை ஒத்துக்க மாட்டேன். சனிக்கிழமை தோத்தா ஃபைனலே கிடையாது. 35லயே நிறுத்தியிருந்தா சனிக்கிழமைக்கு அவன் கைல இருந்திருப்பான்.

மணி அண்ணா: வியாழன் தோத்தா சனிக்கிழமையே கிடையாதே கவிதா 😄

கவிதா அக்கா: அதுவும் சரிதான். அதனாலதான் புதன்கிழமை ஆட்டம் முக்கியம்னு சொல்றேன். அதுல ஜெயிச்ச டீம் நேரா சனிக்கிழமைக்குப் போயிடும். புதன் 50 போட்டவன் சனிக்கிழமையே வரலாம், 65 போட்டவன் ஞாயிறு வரலாம். தோத்த டீம் வியாழன் ஒரு ஆட்டம் கூடுதலா ஆடி இன்னும் ரெண்டு பிட்ச்சரைச் செலவழிக்கணும். 20 டீம்ல பாதி அமெரிக்கா, பாதி வெளிநாடு. ரெண்டு பக்கமும் இதே கதைதான்.

பாலா: 2025 ஃபைனல்ல தைவான் லாஸ் வேகாஸ் டீமை 7-0ன்னு அடிச்சது இப்படித்தானா?

மணி அண்ணா: அன்னைக்கு முதல் அஞ்சு இன்னிங்ஸ் லாஸ் வேகாஸ் பேட்டர் ஒருத்தன்கூட பேஸுக்கு (ஓடிச் சேர வேண்டிய இடத்துக்கு) போகல. நல்ல பிட்ச்சர் ஃபைனல் அன்னைக்கு மிச்சம் இருந்தாத்தான் அது நடக்கும். 1996க்கு அப்புறம் தைவானுக்கு அதுதான் முதல் பட்டம்.

வித்யா: பிட்ச்சருக்கும் பேட்டருக்கும் நடுவுல தூரம் பெரியவங்க ஆட்டத்துல 60 அடி 6 அங்குலம், இங்க 46 அடிதான். வேகமாப் போடுற பையன்கிட்ட பேட்டருக்கு யோசிக்கவே நேரம் இல்ல.

செந்தில்: நல்ல பிட்ச்சரை எடுத்துட்டு கேட்சரா (பேட்டருக்குப் பின்னாடி பந்து பிடிக்கிறவனா) நிறுத்தலாம்ல? பேட்டிங்குக்கு அவன் மிச்சமாவான்.

கவிதா அக்கா: 40 வரைக்கும்தான். 41 போட்டா அன்னைக்கு கேட்சர் ஆகக்கூடாது. தலைகீழாவும் உண்டு, நாலு இன்னிங்ஸ் கேட்சரா இருந்தவன் அன்னைக்குப் பந்து போடக்கூடாது. ஒரு இன்னிங்ஸ்ல ஒரே ஒரு பந்து பிடிச்சாலும் அது ஒரு இன்னிங்ஸ்தான். நம்ம ஆளுங்க கோட்டை விடுறது இங்கதான்.

பாலா: என் தம்பி மகன் ஆகஸ்ட் 30ல பிறந்தவன். இந்த வருஷம் 13 முடியுது. ஆடலாமா?

வித்யா: முடியாது. ஆகஸ்ட் 31 அன்னைக்கு என்ன வயசோ அதுதான் லீக் வயசு. செப்டம்பர் 1ல பிறந்திருந்தா இன்னும் 12தான். பிறப்புச் சான்றிதழ் கேப்பாங்க. 2001ல நியூயார்க் பிராங்ஸ் டீம் பிட்ச்சருக்கு 14 வயசுன்னு தெரிஞ்சு, அந்த டீமோட வெற்றியெல்லாம் ரத்தாச்சு.

செந்தில்: சரி, நாளைக்கு நம்ம பசங்க ஆட்டத்துல எண்ணுற வேலை எனக்கு. கோட்டுக்கு வெளிய அடிச்ச பந்தையும் (ஃபவுல்) எண்ணணுமா?

மணி அண்ணா: ஃபவுல் உண்டு. பேஸ்ல நிக்கிறவனை அவுட் பண்ண எறியுற பிக்ஆஃப், வார்ம்அப் கிடையாது. வேணும்னே வாக் (அடிக்க விடாம பேட்டரை முதல் பேஸுக்கு அனுப்புறது) குடுத்தா ஒரு பந்துகூட போடாம நாலு சேத்துக்கணும், இதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க.

கவிதா அக்கா: எதிர் டீம் ஸ்கோரர் பக்கத்துலயே உக்காருங்க. ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிஞ்சதும் ரெண்டு பேர் எண்ணும் ஒத்துப்போகுதான்னு பாத்துருங்க. ஆட்டம் முடிஞ்சு பாத்தா ஒருத்தர்கிட்ட 64, இன்னொருத்தர்கிட்ட 67ன்னு நிக்கும். அப்புறம் சண்டைதான்.

செந்தில்: சரிக்கா. எண்ணுற கிளிக்கர் யார்கிட்ட இருக்கு?