யெல்லோநைஃப் – இனுவிக்: வான்வழித் தூரமும் பறக்கும் நேரமும்

கேள்வி:
கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகரான யெல்லோநைஃபிலிருந்து இனுவிக் நகருக்கு மே மாதத்தில் பணி நிமித்தமாகச் செல்லவிருக்கிறேன். சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் அளந்தால் 2,000 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. இணையத்திலோ ஏறக்குறைய அதில் பாதிதான் காட்டுகிறது. பறக்கும் நேரத்தை ஒருவர் இரண்டு மணிக்கும் குறைவு என்கிறார், இன்னொருவர் மூன்று மணி என்கிறார். எதை நம்புவது? திரும்பும்போது சாலை வழியாக வர இயலுமா?

பதில் 1:
இணையம் காட்டுவதே சரி. வான்வழித் தூரம் ஏறக்குறைய 1,090 கிலோமீட்டர். மெர்கேட்டர் முறையில் வரைந்த வரைபடம் துருவத்தை நெருங்க நெருங்க நிலப்பரப்பை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். இவ்விரு ஊர்களும் இருக்கும் 62 முதல் 68 பாகை வரையிலான வடக்கு அட்சரேகைப் பகுதியில், நிலநடுக்கோட்டுக்கான அளவை வைத்துக் கணக்கிட்டால் தூரம் இரண்டு மடங்குக்கும் மேலாகத்தான் தெரியும்.

பதில் 2:
நீங்கள் கேள்விப்பட்ட இரண்டு நேரங்களும் பொய்யல்ல. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஜெட் விமானம் நேராகப் பறந்தால், ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து ஒன்றேமுக்கால் மணி போதும். ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகமுள்ள ஏடிஆர் 42 போன்ற சுழல்விசிறி விமானத்துக்கு இரண்டரை மணி ஆகும். வழியில் நார்மன் வெல்ஸில் இறங்கினால் மூன்று மணியையும் தாண்டலாம். அவ்வூர் கிட்டத்தட்ட நேர்வழியிலேயே இருப்பதால் கூடுதல் தூரம் நாற்பது கிலோமீட்டர்கூட இராது. தரையில் நிற்பதும் மீண்டும் மேலேறுவதுமே நேரத்தைத் தின்கின்றன. ஆகவே சீட்டு வாங்குமுன் விமானத்தின் வகையையும் இடைநிறுத்தங்களையும் பாருங்கள். இரண்டு ஊர்களும் ஒரே நேர மண்டலத்தில் இருப்பதால் அட்டவணையில் குழப்பம் வராது.

பதில் 3:
மே மாதத்தில் சாலையை நம்ப வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். மெக்கன்சி பள்ளத்தாக்கு வழியே செல்லும் அனைத்துப் பருவச் சாலை ரிக்லி என்ற ஊரோடு முடிந்துவிடுகிறது. எனவே இனுவிக்கிலிருந்து டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் யூக்கானுக்கு இறங்கி, வைட்ஹார்ஸ், ஃபோர்ட் நெல்சன் வழியாகச் சுற்றினால் 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். டெம்ப்ஸ்டரில் பீல், மெக்கன்சி ஆகிய இரண்டு ஆறுகளையும் குளிர்காலத்தில் பனிக்கட்டி மீதும் கோடையில் படகிலும் கடக்கிறார்கள். பனி உடையும் வாரங்களில் இரண்டுக்கும் வழியில்லை. ஃபோர்ட் ப்ராவிடன்ஸ் அருகே 2012இல் டெ சோ பாலம் திறந்தபின் யெல்லோநைஃபுக்கு இத்தொல்லை தீர்ந்தது. இனுவிக்குக்கு இன்னும் தீரவில்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. திரும்பிவரும் நாளிலேயே எட்மண்டனுக்குத் தொடர் விமானம் பிடிக்கலாமா?

பதில் 2 எழுதியவர்:
ஒரே சீட்டில் பதிவு செய்திருந்தால் பிடிக்கலாம். தனித்தனிச் சீட்டுகள் என்றால் யெல்லோநைஃபில் ஓரிரவு தங்குங்கள். மூடுபனியால் ஒரு விமானம் தடைபட்டால் அடுத்தது பெரும்பாலும் மறுநாள்தான்.