‘சர்ன் ரேட்’: கலைச்சொல் வேண்டும், வெள்ளிக்குள்

வணிகவியல் ஆசிரியை:
அன்புடையீர், வணக்கம். இளங்கலை மாணவருக்கான பாடக் குறிப்பு வெள்ளியன்று அச்சுக்குப் போகவேண்டும். அதில் வரும் ‘சர்ன் ரேட்’ (churn rate) என்பதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும். எடுத்துக்காட்டாக மைஃபிட்னஸ்பால் என்னும் கலோரிக் கணக்குச் செயலியைக் கொண்டிருக்கிறேன். 2015இல் அண்டர் ஆர்மர் நிறுவனம் அதை 47.5 கோடி டாலருக்கு வாங்கியபோது பதிவு செய்திருந்தவர்கள் 8 கோடிப் பேர். 2020இல் 20 கோடியைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் விற்ற விலை 34.5 கோடி டாலர். பதிவு எண்ணிக்கை மட்டும் ஒரு செயலியின் மதிப்பைச் சொல்லாது. குறிப்பிட்ட காலத்தில் எத்தனை விழுக்காட்டினர் விட்டுப் போனார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். அதுதான் ‘சர்ன் ரேட்’. ஆங்கிலத்தில் ‘சர்ன்’ என்றால் தயிர் கடைதல் என்றும் பொருள்; ஆனால் ‘கடைதல் விகிதம்’ என்று எழுத எனக்கு மனமில்லை; தயிர்ப்பானைக்கு இங்கே வேலை இல்லை.

மென்பொருளாளர்:
‘விலகல் விகிதம்’. படித்தவுடன் புரியும்.

புள்ளியியல் ஆசிரியர்:
திட்ட விலக்கத்தை (standard deviation, தரவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்னும் அளவு) என்ன செய்வீர்கள்? அதே பாடத்தில் இரண்டும் வந்தால் மாணவர் குழம்புவர். பள்ளிக்கல்வியில் ‘இடைநிற்றல்’ நன்றாக ஊன்றிய சொல். அதையே கொள்ளலாம்.

புலவர்:
‘தீர்தலும் தீர்த்தலும் விடற்பொருட்டு ஆகும்’ என்பது தொல்காப்பிய உரியியல். ‘அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவைபோல் உற்றுழித் தீர்வார்’ என்று மூதுரையும் விட்டு நீங்குவோரையே தீர்வார் என்கிறது. ‘தீர்வு விகிதம்’ என்க. நம்மிடம் உள்ள வேரை விட்டுவிட்டு ஏன் அலையவேண்டும்? தீர்த்தம் என்பதும் இவ்வேரினதே. வினை தீர்க்கும் நீர்.

மென்பொருளாளர்:
ஐயா, தீர்த்தம் வடசொல். ‘கடத்தல்’ என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது, ஆற்றைக் கடக்கும் துறை.

புலவர்:
துறை என்பது பிற்பொருள். தீர், தீர்வை, தீர்த்தம் என்று வரிசையாக அடுக்கிப் பாருங்கள்.

புள்ளியியல் ஆசிரியர்:
தீர்த்தம் வடசொல் என்பதே சரி, ஐயா; துறை என்பதே அதன் முதற்பொருள். மற்றதை வேறு மடலில் பேசலாம். இன்றைய மாணவர் ‘தீர்வு விகிதம்’ என்றால் எத்தனை புகாருக்குத் தீர்வு கிடைத்தது என்றே கொள்வார்.

வணிகவியல் ஆசிரியை:
எனக்கு ‘இடைநிற்றல்’ உறுத்துகிறது. பாதியில் தோற்றுப் போனவர் என்னும் பழி அதில் இருக்கிறது. உணவுச் செயலியை விடுகிறவர்களில், இட்லி சாம்பாரை நாள்தோறும் அளந்து எழுதிச் சலித்தவரும் உண்டு. எண்ணிய எடைக்கு இறங்கி, இனி வேண்டாமென்று நிறைவோடு போகிறவரும் உண்டு. செயலி நன்றாகப் பயன்பட்டதாலேயே சந்தா போய்விடுகிறது! இந்தத் தொழிலின் முடிச்சே அங்குதான் இருக்கிறது. புலவர் ஐயாவின் ‘தீர்தல்’ இரண்டையும் தாங்குகிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனாலும் வகுப்பில் அதை விளக்கவே ஒரு மணி நேரம் போய்விடும்.

மென்பொருளாளர்:
இன்னொன்றும் பாருங்கள் அம்மா. பயன்பாட்டை நிறுத்துவது வேறு, சந்தாவை நிறுத்துவது வேறு. ஆண்டுச் சந்தா கட்டியவர் பிப்ரவரியிலேயே உணவை எழுதுவதை விட்டிருப்பார்; கணக்கில் அவர் டிசம்பர்வரை வாடிக்கையாளர். 2022இல் இதே செயலி, பார்கோடு வருடி உணவைப் பதியும் வசதியைக் கட்டணப் பகுதிக்கு மாற்றியது. அதனால் இலவசப் பயனர் வெளியேறினால் அது சந்தாக் கணக்கில் தெரியவே தெரியாது. ‘பயனர் விலகல்’, ‘சந்தா விலகல்’ என்று பிரித்தே எழுதுங்கள். திட்ட விலக்கத்தோடும் மோதாது.

புள்ளியியல் ஆசிரியர்:
அடைமொழியோடு வந்தால் எனக்குத் தடையில்லை.

வணிகவியல் ஆசிரியை:
அப்படியே அச்சுக்குக் கொடுக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

புலவர்:
அச்சுக்குப் போகட்டும். விலகல் ஓரடி தள்ளி நிற்பது. தீர்தல் முற்ற நீங்குவது. என் வாக்கு தீர்வுக்கே.