ஜட்லாந்து கட்டுரைக்குக் கை கொடுங்கள்

வணக்கம் நண்பர்களே. முதல் உலகப் போரில் பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய, 1916 மே 31 அன்று தொடங்கிய ஜட்லாந்து கடற்சண்டை பற்றி விக்கிப்பீடியாவில் மூன்று பேர் சேர்ந்து எழுதி வருகிறோம். கட்டுரையின் ஓரத்தில் முக்கிய விவரங்களைச் சுருக்கித் தரும் தகவற்பெட்டியில் 'முடிவு' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டோம். பிரிட்டன் இழந்தது 14 கப்பல்கள், ஜெர்மனி 11. ஆனாலும் வட கடல் பிரிட்டன் கையில்தான் இருந்தது. இரு தரப்பும் வெற்றி என்றே சொல்லிக்கொண்டன. இதை ஒரே சொல்லில் அடைப்பது சரியில்லை என்பது என் எண்ணம். பிரிட்டனின் 'குயீன் மேரி' போர்க்கப்பல் வெடித்து மூழ்கியதில் மட்டும் 1,266 பேர் இறந்தார்கள். அந்தப் பத்தியை அவசரமாக முடிக்க மனம் வரவில்லை.

ஜெர்மன் படிக்கத் தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். அவர்கள் தரப்பு நூல்களைப் பார்க்காததால் கட்டுரை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அப்புறம், கப்பல்கள் திரும்பிய வழியை வரைபடமாக வரைய யாராவது இருக்கிறீர்களா? முடிந்தவர்கள் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள்.