முதல் ஏர்சாஃப்ட் துப்பாக்கி: நாங்கள் வாங்கிய கதை

நிஷிகசாய்

போன வாரம் இங்கே டோக்கியோவில் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர், "அண்ணா, நீங்க சாபகே போறீங்களாமே. நானும் ஒரு துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன். எது வாங்கட்டும்?" என்று கேட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வீட்டில் அலமாரிக்கு மேல் போர்வை சுற்றிப் படுத்திருக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. பிறகு சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் வெட்கப்படாமல் எழுதுங்கள்.

சாபகே என்றால் சர்வைவல் கேம், அணி பிரிந்து ஏர்சாஃப்ட் துப்பாக்கியால் சுட்டு ஆடும் ஆட்டம். ஏர்சாஃப்ட் பிறந்த இடமே ஜப்பான்தான். 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு, நிஜத் துப்பாக்கி மாதிரியே உருவம், மருந்தும் இல்லை, நெருப்பும் இல்லை, காற்றோ வாயுவோதான் தள்ளுகிறது. டோக்கியோவை ஒட்டிய சிபா மாநிலத்தில் மூங்கில் காடும் சரிவுமாக நிறைய மைதானங்கள் இருக்கின்றன. என் டீமில் இருக்கும் ஜப்பானியர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போனார். துப்பாக்கி, பாதுகாப்புக் கண்ணாடி, உடை எல்லாமே அங்கேயே வாடகை. எனக்கு எம்பி5 என்ற சின்ன இயந்திரத் துப்பாக்கி வடிவத்தில் ஒன்று வந்தது. ஆயிரம் பேர் தூக்கி எறிந்த மாதிரி இருந்தது, ஆனால் சாயங்காலம் வரை ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை.

அன்றைக்கு என்னை ஆச்சரியப்படுத்தியது துப்பாக்கி இல்லை. குண்டு பட்டால் பட்டவரே "ஹிட்டோ!" என்று கத்தி, கையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடக்கவேண்டும். எதிராளிக்குத் தெரிந்திருக்காது, நடுவரும் பார்த்திருக்க மாட்டார், இருந்தாலும் நடக்கவேண்டும். நடக்காதவருக்கு 'ஸோம்பி' என்று பெயர் வைத்துவிடுவார்கள். தெருக் கிரிக்கெட்டில் மட்டையில் நன்றாகவே பட்டு கீப்பர் பிடித்த பிறகும் அம்பயர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவன் நான். முதல் இரண்டு ஆட்டம் வாய் வரவில்லை. மூன்றாவதில் தொண்டை கிழியக் கத்தினேன்.

இனி என் முட்டாள்தனம். ஜூன் மாதம் அகிஹபாராவில் ஒரு கடைக்குப் போனேன். பேட்டரியில் ஓடும் எலெக்ட்ரிக் வரிசை ஒரு பக்கம், வாயுவில் ஓடும் கேஸ் புளோபேக் வரிசை இன்னொரு பக்கம். எம்4 ரைஃபிள் வடிவத்தில் கேஸ் துப்பாக்கி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். சுட்டால் உள்ளே ஓடும் போல்ட் என்ற உலோகத் துண்டு பின்னால் வந்து அடிக்கிறது, தோளில் உதை விழுகிறது. உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. கடைக்காரர் மெதுவாக, "குளிர்காலத்திலும் ஆடுவீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்படியானால் எலெக்ட்ரிக்கையும் ஒருமுறை பாருங்களேன்" என்றார். ஜப்பானியக் கடைக்காரர் அதற்குமேல் வற்புறுத்த மாட்டார். 'இதை வாங்காதே' என்பதைத்தான் அந்த மனிதர் அப்படிச் சொல்கிறார் என்று புரிய எனக்கு இன்னும் ஆறு மாதம் ஆனது. குண்டும் கேஸும் நிரப்பும் மேகசின்களையும் சேர்த்து எண்பதாயிரம் யென்னுக்குப் பக்கத்தில் போனது.

கோடை முழுக்க ராஜா நான்தான். டிசம்பரில் ஒரு காலை, தரையில் உறைபனி, முதல் ஆட்டம். ட்ரிகரை அழுத்தினேன். போல்ட் பாதி வழி வந்து சோம்பேறி மாதிரி நின்றது. குண்டு குழாயிலிருந்து எட்டிப் பார்த்து என் பூட்ஸ் மேல் விழுந்தது.

கணக்கு எளிது. மேகசினுக்குள் இருப்பது திரவமாக்கிய 134ஏ, பல கார் ஏசிகளில் இருக்கும் அதே வாயு. அது ஆவியாகும்போது கிடைக்கும் அழுத்தம்தான் குண்டையும் தள்ளவேண்டும், போல்ட்டையும் ஓட்டவேண்டும். 20 டிகிரியில் சுமார் 5.7 பார் அழுத்தம் இருக்கும். 0 டிகிரியில் 2.9 தான், பாதி. போதாததற்கு, ஒவ்வொரு முறை சுடும்போதும் திரவம் ஆவியாகி மேகசினை இன்னும் குளிரவைக்கிறது. கல்யாண வீட்டில் பெரிய அடுப்புக்கு வைத்த கேஸ் சிலிண்டர் அடியில் வியர்த்து ஜில்லென்று ஆகுமே, அதே கதைதான். அன்றைக்கு முழுக்க மேகசினை அக்குளில் செருகிக்கொண்டு திரிந்தேன். காய்ரோ என்ற சூட்டுப் பையை மேகசினில் ஒட்டியும் பார்த்தேன். ஐந்து குண்டு சுட்டால் ஐந்து நிமிடம் அக்குள். எதிரணியில் ஒருவர் எனக்குக் காய்ச்சலா என்று விசாரித்தார்.

எலெக்ட்ரிக்கில் இந்த வம்பு இல்லை. பேட்டரி மோட்டாரைச் சுற்ற, கியர் ஸ்ப்ரிங்கை இழுத்து விட, பிஸ்டன் காற்றை அழுத்திக் குண்டைத் தள்ளுகிறது. 1991-ல் டோக்கியோ மருயி கம்பெனி ஃபாமாஸ் என்ற பிரெஞ்சு ரைஃபிள் வடிவத்தில் முதல் எலெக்ட்ரிக்கைக் கொண்டுவந்ததிலிருந்து அடிப்படை இன்னும் இதுதான். குளிரில் பேட்டரி கொஞ்சம் தளரும், ஆனால் ஸ்ப்ரிங்குக்கு ஜனவரியும் ஒன்றுதான், ஜூலையும் ஒன்றுதான். ஜனவரியில் பழைய எலெக்ட்ரிக் ஒன்றைக் கேஸ் எம்4 விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு வாங்கினேன். முதலில் வாங்கியிருக்கவேண்டியது அதைத்தான்.

இடக்கை

அண்ணா, அக்குள் கதையைப் படித்துவிட்டு லேபில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். என் கதையில் சிரிப்புக் கொஞ்சம் குறைவு.

நான் மதுரை. இங்கே ஜப்பானில் மேற்படிப்பு. என் முதல் துப்பாக்கி ஸ்னைப்பர், போல்ட் ஆக்‌ஷன், அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுக்கவேண்டும். காரணம் ரொம்ப சாதாரணம்: எனக்கு ஓடப் பிடிக்காது. தூரத்தில் படுத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தூக்கலாம் என்று நினைத்தேன். ஒரு மீட்டருக்கு மேல் நீளம், கிட்டார் உறையில்தான் நுழைந்தது. சோபு லைன் ரயிலில் ஒரு தாத்தா என்ன வாசிக்கிறாய் என்று கேட்டார். பேஸ் கிட்டார் என்றேன். மனுஷன் விடவில்லை, எந்த பாண்டு என்றார்.

மைதானத்தில் காலையில் ஒவ்வொரு துப்பாக்கியையும் வேகம் அளந்து பார்ப்பார்கள். 2006-ல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து ஜப்பானில் 6 மி.மீ. குண்டின் ஆற்றலுக்கு 0.98 ஜூல்தான் உச்சம். அதாவது 0.2 கிராம் குண்டு நொடிக்கு 99 மீட்டரைத் தாண்டக்கூடாது. என் ஸ்னைப்பருக்கும் அதே 0.98, பக்கத்தில் ஒரு ஸ்கூல் பையன் மாதிரி இருந்தவர் வைத்திருந்த சின்ன எம்பி5-க்கும் அதே 0.98. நான் போல்ட்டை இழுத்து ஒரு குண்டு போடுவதற்குள் அவர் இருபது போடுவார், என் குண்டு போகிற தூரத்துக்கே அவருடையதும் வரும். இதை ஏன் எனக்கு யாருமே சொல்லவில்லை? நான் யாரையுமே கேட்கவில்லை, அதுவும் உண்மை.

தூரம் கூட்டுவது பெரும்பாலும் ஹாப்-அப். குழாய் ஆரம்பத்தில் ஒரு சின்ன ரப்பர் மேட்டில் குண்டு உரசிப் பின்சுழற்சியோடு கிளம்பும், அதனால் சீக்கிரம் கீழே விழாமல் மிதந்துகொண்டே போகும். டேபிள் டென்னிஸில் சாப் அடித்தால் பந்து மிதக்குமே, அதுதான். அதைச் சரியாகத் திருகிவைத்து, 0.2-க்குப் பதில் 0.25 கிராம் குண்டு போட்டாலே காற்றில் அலையாமல் நேராகப் போகும். வெளியரங்கில் மக்கும் வகைக் குண்டுதான் பல இடங்களில் அனுமதி, ஈரத்தில் வைத்தால் ஊதிக்கொள்ளும், பாக்கெட்டைத் திறந்தால் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். குழாயில் சிக்கினால் அன்றைய ஆட்டம் காலி.

இன்னொன்று. என் பெயரைப் பார்த்தாலே தெரியும். போல்ட் கைப்பிடி வலது பக்கம். ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கிக்கு மேலே கையைக் கொண்டுபோய் இழுத்தேன், புதருக்கு வெளியே என் முழங்கை கொடி மாதிரி ஆடியிருக்கிறது. நாள் முழுக்க ஒருவரையும் அடிக்கவில்லை. பதினொரு ஹிட் வாங்கினேன். விற்றுவிட்டு, இரண்டு பக்கமும் செலக்டர் (சுடும் முறையை மாற்றும் விசை) உள்ள குட்டை எலெக்ட்ரிக் ஒன்று எடுத்தேன். கடையில் தோளில் வைத்து, கன்னத்தை ஒட்டி, மாஸ்க்கும் போட்டுக்கொண்டு பாருங்கள். மாஸ்க்கோடு குறி தெரியாத துப்பாக்கிகள் நிறைய இருக்கின்றன. மாஸ்க்கை 'அழகாக இல்லை' என்று தவிர்த்த என் அணித்தோழி ஒருத்திக்கு முன்பல்லில் ஒரு மூலை போனது. பல் வைத்தியச் செலவில் இரண்டு துப்பாக்கி வாங்கியிருக்கலாம்.

சிங்கை

எங்கள் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு ஆன்லைனில் ஆர்டர் போடாதீர்கள். சிங்கப்பூரில் ஏர்சாஃப்டும் ஆயுதக் கணக்கில்தான் வரும், லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே குற்றம். எனக்குத் தெரியாது. 'டாய்' என்று போட்டிருந்தது, வாங்கினேன். பார்சல் வரவில்லை, அதற்குப் பதில் போலீஸ் வந்தது. எச்சரிக்கையோடு போனது என் அதிர்ஷ்டம். அந்த மூன்று வாரம் நான் தூங்கவில்லை, மனைவி பேசவில்லை. இப்போது வெளிநாடு போகும்போது வாடகைக்கு எடுத்து ஆடுகிறேன், அவ்வளவுதான்.

ஹரோ பெடியன்

லண்டன் கதை கொஞ்சம் வேற. இங்க துப்பாக்கியைத் தெரிவுசெய்ய முதல் சட்டம் எங்களைத் தெரிவுசெய்யும். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் 2007 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தபிறகு, அசல் போலத் தெரியிற துப்பாக்கியைச் சும்மா போய் வாங்கேலாது. ஒரு மைதானத்தில் மூண்டு ஆட்டம் ஆடவேணும், அதுவும் 56 நாளுக்குக் குறையாத இடைவெளிக்குள்ள. பிறகு யுகாரா எண்ட ஏர்சாஃப்ட் விற்பனையாளர் சங்கத்தின்ர பதிவு. அது இல்லாட்டி டூ-டோன்தான், பாதிக்கு மேல் பளிச்செண்ட நீலமோ பச்சையோ சிவப்போ பூசினது. பதினெட்டு வயசு ஆகாட்டி அதுவும் இல்லை. சக்தி தானியங்கிக்கு 1.3 ஜூல், ஒவ்வொண்டாச் சுடுறதுக்கு 2.5. தங்கச்சி இடக்கை இங்க இருந்திருந்தா அந்த ஸ்னைப்பர் உண்மையாவே தூரம் போயிருக்கும், ஆனா 30 மீற்றருக்குள்ள நிக்கிற ஆளுக்குச் சுட விடமாட்டினம்.

எனக்கு அவசரம் இல்லை. வாடகைத் துப்பாக்கியோட மூண்டு ஆட்டம் முடிச்சு, பதிவும் எடுத்தன். கண்ணாடி மட்டும் முதல் நாளே சொந்தமா வாங்கினனான், அதில நான் கஞ்சத்தனம் பார்க்கேல்லை. கண்ணாடியின்ர பிரேமில EN166 எண்ட தர இலக்கத்தோட B எண்டு பொறிச்சிருக்கோ எண்டு பாருங்கோ. F எண்டால் சின்ன உருக்கு உருண்டையை நொடிக்கு 45 மீற்றர் வேகத்தில அடிச்சுப் பார்த்தது, B எண்டால் 120. சக்தியில ஏழு மடங்கு வித்தியாசம். மற்றவரின்ர வேர்வை மணக்கிற வாடகைக் கண்ணாடி வேண்டாம் எண்டதும் ஒரு காரணம்.

பிறகு ஓடர் பண்ணினது ஏகே. கறுப்பு உலோகம், உண்மையான மரப்பிடி. எல்லாப் பெடியளும் அதைத்தான் வைச்சிருந்தவை. பார்சல் வந்த அண்டு வரவேற்பறையில சோபாவில வைச்சுப் பிரிச்சன். அம்மா தேத்தண்ணியோட வந்தவ. தட்டை மேசையில வைக்கேல்லை, நிலத்தில வைச்சிட்டு மாடிப்படியில போய் இருந்திட்டா.

அம்மா வன்னியிலிருந்து வந்தவ. இதுக்கு மேல நான் எழுதத் தேவையில்லை.

விளையாட்டுச் சாமான் எண்டு சொன்னன். ஒரு பிபியை எடுத்துக் கையில குடுத்தன். (நாங்கள் குண்டு எண்டு சொல்லுறேல்லை. அந்தச் சொல்லை வீட்டுக்க அப்படிப் பாவிக்க வாய் வராது.) அம்மா அதை விரலால உருட்டிப் பார்த்தா. "இதைத்தான் போடுறதோ?" எண்டு கேட்டா. ஓம் எண்டன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "உதின்ர வடிவம் வேண்டாம் தம்பி. வேற ஏதும் வாங்கு" எண்டா. விளையாட்டை விடச் சொல்லேல்லை. வடிவத்தைத்தான் வேண்டாம் எண்டவ.

அண்டைக்கே அணியில ஒருத்தனுக்கு வாங்கின விலைக்குக் குடுத்திட்டன். கறுப்பு வாங்க ரெண்டு மாசம் காத்திருந்தவன், கடைசியில வாங்கினது யாரும் அண்டைக்கே வாங்கக்கூடிய நீலக் குட்டை ஒண்டு. பெடியள் இண்டைக்கும் பகிடி பண்ணுறவை. காட்டுக்குள்ள தூரத்திலயே தெரியும், அதால பச்சைத் துணி சுத்திக்கொண்டு ஆடுறன், வீட்டுக்கு வரமுதல் கழற்றிப்போடுவன். சின்னன், பாரம் இல்லை, பத்தைக்குள்ள மாட்டாது. முழுநாள் ஏகே தூக்கினவை பின்னேரம் தோளைத் தடவிக்கொண்டு இருக்க, நான் இன்னும் ஒரு ஆட்டம் கேட்பன்.

தெருவில வெளிய எடுக்கிறது குற்றம், நீலம் எண்டாலும்தான். பை, பைக்குப் பூட்டு, நேர வீட்டுக்கு.

இப்ப ஒரு விசயம். சேத்துக் காற்சட்டையைத் தோய்க்கப் போடமுதல் அம்மா பொக்கற்றைத் தட்டிப் பார்க்கிறா. விழுகிற பிபியளைப் பொறுக்கிக் கழுவி ஒரு கோப்பிப் போத்தலுக்க போட்டு யன்னலடியில வைச்சிருக்கிறா. முக்கால்வாசி நிரம்பியிட்டுது. ஏன் எண்டு நான் கேட்கேல்லை.

நிஷிகசாய்

ஹரோ தம்பி, அம்மாவுக்கு என் வணக்கம்.

இரண்டு பேர் தனியாகப் பேட்டரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் எலெக்ட்ரிக்குக்கு அந்தத் துப்பாக்கியின் கம்பெனி சொல்லும் பேட்டரியையும் அதன் சார்ஜரையும் வாங்குங்கள், போதும். லிப்போ என்ற லித்தியம் பாலிமர் பேட்டரியைப் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது ஊதியிருந்தால் சார்ஜில் போடவே போடாதீர்கள், முழுச் சார்ஜில் மாதக்கணக்கில் அலமாரியில் வைக்கவும் வேண்டாம். ஊருக்குத் திரும்பும்போது துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போகும் யோசனை யாருக்காவது இருந்தால், சிங்கை நண்பர் எழுதியதை இன்னொருமுறை படியுங்கள். இங்கேயே விற்றுவிட்டுப் போங்கள்.

கோயம்புத்தூர்த் தம்பி இந்த ஞாயிறு என்னோடு சிபா வருகிறார். வாடகைத் துப்பாக்கிதான், சொல்லிவிட்டேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. காரில் இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. வருகிறவர்கள் வெள்ளிக்குள் சொல்லுங்கள், மைதானத்தில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பதிவு வேண்டும். கறி ரைஸ்தான் கிடைக்கும், இனிப்பாக இருக்கும், இடக்கை தங்கச்சி மறக்காமல் அந்த எலுமிச்சை ஊறுகாயைக் கொண்டுவரவும்.